எட்டு யூரோ

அவுடனார்டேயில் மூன்று நாளாக மழை.
யோரிஸ் பின்சக்கரத்தைத் தூக்கிவந்து
மேசைமேல் கிடத்தினார். உள்ளே ஏதோ அரைபடுகிறதாம்.

பீங்கான் பேரிங். போன வசந்தத்தில்
ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போனது.
அன்று ஸ்டாண்டில் மாட்டிச் சுண்டிவிட்டேன்;
நான் காபி போட்டுக் குடித்து முடித்தும்
சுற்றிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பேச்சே வரவில்லை.

இன்று சீலைப் பிரித்தால்
துருக்குழம்பு, மணல்,
கல் பாவிய சாலைகளின் ஒரு குளிர்காலம் முழுதும்.
உருண்டைகளைத் துடைத்து விளக்கடியில் வைத்தேன்.
ஒரு கீறல் இல்லை.
“பார்த்தாயா லீஸ்பெத்!”

எஃகுத் தடத்தில் நகத்தை ஓட்டச் சொன்னேன்.
குழி. குழி. இன்னொரு குழி.

தேயாதது எதன்மேல் ஓடியதோ
அது தேய்ந்திருந்தது.

வெகுநேரம் அவர் நகத்தை எடுக்கவில்லை.
“சாதா பேரிங் என்ன விலை?”
எட்டு யூரோ என்றேன்,
கிரீஸ் என் கணக்கில்.