ஏழாம் கலம்

மஞ்சக்குப்பத்தில் திங்கட்கிழமைக்கென்று ஒரு வாசனை:
பசை, வேர்வை, கேண்டீன் போண்டா.
ஐந்தாவது திங்களாக வரிசையில் நிற்கிறேன்.
மனுதாரர் ச. அமலோற்பவம்.
தொழில் மாவு மில், புதுப்பாளையம்.
சேதம், மேற்குச் சுவர், பதினாலு அடிக்கு ஒன்பது.
அதன் கீழே பத்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று, பெல்ட் இரண்டு.
செல்வராணி வீட்டுக் கேழ்வரகு ஆறு படியும் போனது.
அதை நானே அளந்து கொடுத்துவிட்டேன்,
கணக்கில் சேர்க்கவில்லை.

பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் எடுக்க வந்தார்கள்.
முந்தின நாளே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது.
கோடு தெருவில்தான் இருந்தது.
ஜேசிபியின் வாளி என் சுவரில் இருந்தது.

அப்போது மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது மில்லில்.
சுவர் சரிந்ததும் தெருவே தும்மியது.
பள்ளத்தில் நின்ற மேஸ்திரி தும்மினார்,
எதிர்வீட்டு வக்கீல் தும்மினார்,
பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தும்மினார்.
சாட்சி உண்டா என்று கேட்கிறார்கள் இப்போது.
தும்மிய பேரெல்லாம் சாட்சிதான்.
கையெழுத்து என்றதும்
ஒருவருக்கும் மூக்கே இல்லை.

இறங்கி வந்தவன் ஓட்டுனர் ஒருவன்தான்.
"லெவல் தப்பிடுச்சுக்கா" என்றான்.
கண் சிவந்திருந்தது, மிளகாயாகவும் இருக்கலாம்.
இருட்டும்வரை செங்கல் பொறுக்கினான்,
மோட்டாரை என்னோடு சேர்ந்து இழுத்தான்,
போகும்போது சட்டைப் பையிலிருந்து எழுநூறு ரூபாய் நீட்டினான்.
நான்காக மடித்து
அதே பையில் செருகி அனுப்பினேன்.

பத்தொன்பது நாள் கழித்து இன்ஜினியர் வந்தார்.
சுவர் இல்லாத இடத்தை டேப் பிடித்து அளந்தார்.
சுவருக்கு வயது முப்பத்தொன்று,
தேய்மானம் கழிக்க வேண்டும் என்றார்.
அரவைக் கல் தேயும், தெரியும்,
மாதம் ஒருமுறை நானே கொத்துகிறேன்.
நின்ற இடத்தில் நிற்கிற சுவர்
எதில் உரசித் தேய்ந்தது, சார்?
அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைத்தேன்.
பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த கலம்
பன்னிரண்டு மரக்கால் நெல் பிடிக்கும்.
படிவத்தின் ஏழாம் கலம் ஒரே ஒரு பெயர் பிடிக்கும்.
சேதம் விளைவித்தவர் பெயர்.
மாநகராட்சி என்று எழுதிக் கொடுத்தேன்.
தணிகாசலம் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"மாநகராட்சிக்குக் கையா இருக்கு, காலா இருக்கு?
இடிச்ச ஆள் பேரைப் போடும்மா.
காண்ட்ராக்டருக்கு அனுப்புவோம்,
அவர் அவன் சம்பளத்துல புடிச்சுக் குடுத்துடுவார்."
அரையாண்டுக்கு ஒருமுறை வரிக்கு நீள்கிறதே,
அது யார் கை சார்?
கேட்டும்விட்டேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பெயர் எனக்குத் தெரியும்.
மோட்டார் இழுக்கும்போது சொன்னான்,
ஊர் பெண்ணாடம் பக்கம் என்பதும்.
எண்பத்து மூவாயிரத்து நானூறு,
அவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று
மாவு கட்டும் தாளில் வகுத்துப் பார்த்தேன்.
மீதி வந்துகொண்டே இருந்தது.
நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை.
இரண்டு இரவு பேனாவை எடுத்தேன்.
முதல் எழுத்தை எழுதி அடித்த தாள் ஒன்று
இன்னும் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.

மனு திரும்பி வந்துவிட்டது.
"கலம் 7 முறையாகப் பூர்த்தி செய்யப்படவில்லை."
இனி ஆறாவது திங்கள்.
அதே சொல்லைத்தான் எழுதப் போகிறேன்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

மேற்கே நீலத் தார்ப்பாய் கட்டி
இரவல் மோட்டாரில் மில் ஓடுகிறது.
தேவனாம்பட்டினத்துக் காற்று ஏறினால்
பாய் தூக்கிக்கொள்ளும்,
தூள் வெளியே கிளம்பும்.
மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும்
அது எந்தப் பக்கம் போகிறதென்று
வாசலில் வந்து நின்று
ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.