பதினொரு பேர்ச்

மகளின் கணக்குக் கொப்பியில்
மிஞ்சிய சதுரத் தாள்களில்
வீட்டை வரைகிறேன்.
ஒரு கட்டம் ஒரு அடி.
அழித்து அழித்து
குசினிக்கும் குளியலறைக்கும் நடுவே
தாளே கிழிந்துவிட்டது.

முன்னுக்கு றோட்டு, பின்னுக்கு மதில்,
பதினொரு பேர்ச்.
அத்திவாரம் நிலத்திலிருந்து மூன்றடி.
ஏன் மூன்றடி என்று
மருதமுனையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

தோஹாவிலிருந்து நள்ளிரவில் குரல் வருகிறது:
"தட்டுக் கூரை போடு ஜெஸீலா,
பிறகு மேல்மாடி எழுப்பலாம்."
எழுப்பலாம்தான்.
சித்திரை வெயிலில் அந்தத் தட்டு
மஃரிபுக்குப் பிறகும் அப்பம் சுடும்.
ஓடு என்கிறேன்.
இறவாரம் தாழ்ந்து நாலடி வெளியே நீள வேண்டும்,
வாடை மழை வந்து சுவரில் அறையாதபடி.
ஒரு கட்டைவிரல் வருகிறது பதிலாக.
சம்மதமா, தூக்கக் கலக்கமா, தெரியாது.

பாண்டிருப்பு அச்சுதன் பாஸ்
படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"இப்படியும் நிற்குது பிள்ளை, நல்ல வீடு."
ஆணி வேண்டாமாம்.
முதிரை உத்தரத்தில் கழுந்து, தூணில் துளை,
குறுக்கே ஒரு ஆப்பு.
பொருத்தை மறைக்கக் கூடாது,
மரத்தை மரம் எங்கே பிடித்திருக்கிறதென்று
மல்லாந்து படுத்திருப்பவருக்கும் விளங்க வேணும்.
வயர் போக உத்தரத்தின் முதுகில்
ஒரு பள்ளம் மட்டும் தோண்டித் தருவார்.
வைஃபை பெட்டிக்கு ஒரு மாடம்.
விலையைச் சொன்னார்.
நான் எழும்பிப் போய்த் தண்ணி குடித்தேன்.

ஷைமா கேட்டது ஒன்றுதான்:
தன் அறைக்கு உள்பூட்டு.
பதிமூன்று வயது.

உறுதி என் பேரில்.
எங்கட பக்கத்தில் வீடு பெண்ணுக்கு,
அதனாலேயே அது ஒரு பெண்ணிடம் நிற்பதில்லை.
அவளுக்கு ஒருவன் வரும் நாளில்
சாவிக்கொத்துக் கை மாறும்,
நானும் அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு
பின்பக்கம் போவோம்.
உம்மா அப்படித்தான் போனா,
விறகு அடுக்கிய அறைக்கு.
யன்னல் இருந்த இடத்தில்
நாலு கல்லை எடுத்துவிட்டிருந்தார்கள்.

என் படத்தில் அந்த அறைக்குக்
களஞ்சியம் என்று பெயர்.
பத்துக்குப் பன்னிரண்டு.
களஞ்சியத்துக்கு ஏன்
வீட்டிலேயே பெரிய யன்னல் என்று
அச்சுதன் பாஸ் கேட்கவில்லை.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
யன்னலின் அடிக்கட்டையை
அரையடி இறக்கிக் கீறினார்.
இப்போது பாயில் இருந்தபடியே வெளியே பார்க்கலாம்.
கடல் தெரியாது.
மதிலுக்கு அப்பால் பாத்திமுத்து வீட்டு முருங்கை,
அதன் கீழே எப்போதும் எதையோ கிண்டும் கோழிகள்.

படத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன்.
நள்ளிரவில் தோஹா கேட்டது:
"களஞ்சியத்தில என்ன வைக்கப் போறாய்?"

உங்களை, என்று எழுதினேன்.
அழித்தேன்.
நெல்லு, என்று அனுப்பினேன்.