மூச்சுக் கணக்கு

எரிவாயு உருளை ரசீதின் பின்பக்கம்
எழுதத் தொடங்கினேன்.
கையிருப்பு ஐந்நூற்று நாற்பது பொலிவியானோ.
வில்மர் தரவேண்டியது நூற்றிருபது.
அதை எழுதி, அடித்து,
மறுபடி எழுதினேன்.

சீனத்து நூற்றைம்பது சிசி வண்டி என்னுடையது.
டாங்க்கின் இடப்பக்கம் ஒரு பள்ளம்,
என் முழங்காலுக்கென்றே அளவெடுத்ததுபோல.
எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்கு
கேக் பெட்டிகளோடு இறங்குவேன்,
க்ரீம் கசங்காமல்.
இறங்கும்போது எந்த வண்டியும் குதிரைதான்.
காலிப் பெட்டிகளோடு திரும்ப ஏறும்போதுதான் தெரியும்
யார் யாரைச் சுமக்கிறோம் என்று.
மூன்றாம் வளைவில் இரண்டாம் கியர்.
அதிலும் இருமும்.
பின்னால் மினிபஸ்ஸின் ஹாரன்.
கதவில் தொங்கும் பையன்
ஊர்ப்பேர் கத்துவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

ஆகவே இந்தப் பட்டியல்.

அறுபத்திரண்டு மில்லி சிலிண்டர்,
பிஸ்டன், வளையங்களோடு: நானூற்றைம்பது.
மேடு உயர்ந்த கேம் ஷாஃப்ட்: இருநூற்றுப் பத்து.
அகன்ற கார்புரேட்டர்:
கடைக்காரி பின்னலை முடிந்துகொண்டே விலை சொன்னாள்,
காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டேன்.
சைலன்சர்,
சத்தம் மட்டும் போதுமென்றால், தொண்ணூறு.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டுமாம்.
சரி.
விரல் சின்னதுதான்,
வீக்கம் ராத்திரியில் விழித்துக்கொண்டு
இருநூறு சிசி கேட்கிறது.

வியாழக்கிழமைச் சந்தையில்
நீலத் தார்ப்பாய்மேல் குடல் சரிந்து கிடந்தன எஞ்சின்கள்.
ஒரு பிஸ்டனை எடுத்து வெயிலில் திருப்பினேன்.
பக்கவாட்டில் நகக்கீறல்போல் கோடுகள்.
யாரோ ஒருவர்
ஏதோ ஓர் ஏற்றத்தில்
இதை நம்பி முறுக்கியிருக்கிறார்.
வாங்காமல் வைத்தேன்,
கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

வில்மர் பட்டியலைப் படிக்கவேயில்லை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி
என் மூக்குக்கு நேராக நீட்டினான்.
அடுப்புக்கரி.

"உன் வண்டிக்குப் பலம் குறைச்சலில்லை, யோபானா.
தீனி அதிகம், காற்று கம்மி.
கடலோரத்தில் ஓடுவதற்குத் துளைத்த ஜெட் இது.
நாலாயிரம் மீட்டரில்
பெட்ரோலை விழுங்கி விழுங்கித் திணறுது."

கோபம்தான் வந்தது.
ஒன்றரை வருடம்.
ஒன்றரை வருடமாக அந்த இருமலை
என் வறுமை என்று நினைத்து
அதோடு சேர்ந்து குனிந்தே ஏறியிருக்கிறேன்.

சின்ன ஜெட் எந்தக் கடையிலும் இல்லை.
இருந்ததன் துளையை ஈயம் வைத்து அடைத்தான்.
சுவரில் மாட்டியிருந்த சராங்கோவிலிருந்து
மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை அவிழ்த்து
அதன் தடிமனுக்குத் துளையைத் திறந்தான்.
முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம்: முப்பத்தைந்து.
வால்வு இடைவெளிக்குச் செலவில்லை.
ஏர் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி
கொடியில், என் காலுறைகளுக்குப் பக்கத்தில்,
கவ்வி போட்டுக் காயவைத்தேன்.

சனிக்கிழமை.
மூன்றாம் வளைவு.
மூன்றாம் கியரில் நின்றது.
மினிபஸ் என்னை முந்தத்தான் செய்தது,
ஆனால் ஐந்தாம் வளைவில்,
அதுவும் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு.
பையன் சிரிக்கவில்லை.
எவ்வளவு ஆச்சு என்று
கையால் கேட்டான்.

மேலே வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
பால் காப்பி நிறம்.
சூட்டில் விரல் பொசுங்கியதையும் மறந்து
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மிச்சப் பணத்தில் நூற்றெண்பதுக்கு
இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ.
பட்டியலில் அது இருந்ததேயில்லை.
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கோடு இறங்குகிறவள்
ஏறுவதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

அறுபத்திரண்டு மில்லியை இன்னும் அடிக்கவில்லை.
ரசீது டாங்க் உறைக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.
கடைசி வரியை மட்டும் நேற்றுத் திருத்தினேன்.
கம்பிக்கு ஐந்து பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

வில்மர்: நூற்றுப் பதினைந்து.