இரண்டாம் உரிமையாளர்

நெல்லித்தோப்பு சிக்னலில் நேற்று மூன்று முறை அணைந்தது.
மூன்றாம் முறை, பின்னால் நின்ற டெம்போக்காரர்
இறங்கிவந்து தள்ளிவிட்டார், திட்டாமல்.
திட்டியிருக்கலாம்.

இன்று ஞாயிறு. முத்தியால்பேட்டையில்
மெக்கானிக் கடை ஷட்டர்கள் எல்லாம் தரையோடு.
பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிற்கிறேன்.
தொண்ணூற்றாறாம் வருடத்து மாருதி,
அதற்கு நான் ஐந்தாவது ஆள்.

எந்தக் குழாய் எங்கே போகிறதென்று
பானெட்டின் அடியில் ஒரு படம் ஒட்டியிருந்திருக்கிறது.
உப்புக்காற்று தின்றது போக
மிச்சம் ஒரே அம்புக்குறி. அதுவும்
ரேடியேட்டரைத் தாண்டிக் கடலைக் காட்டுகிறது.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில்
நானே வரைகிறேன். விரல்தான் முன்னே போகிறது.
ஒயருக்கடியில் நுழைந்து, ஏர் ஃபில்டரைச் சுற்றி
டிஸ்ட்ரிபியூட்டரில் முடிகிறது ஒன்று.
பிரேக் பூஸ்டருக்குத் தடித்தது ஒன்று.
ஏ.சி. போட்டால் ஐடிலிங்கைத் தூக்கிவிட ஒன்று
(ஏ.சி. செத்து ஆறு வருடம்).
எங்கிருந்தோ வந்து எங்கும் போகாமல்
பேனா மூடியொன்றைக் கவ்விக் கிடக்கிறது இன்னொன்று.
நீல மூடி. யாரோ கடித்த பல்தடம்.

எல்லாம் கறுப்பு. நகம் பட்டால் உதிரும் கறுப்பு.
கரி டப்பாவுக்குப் போவது மட்டும்
பழுப்பேறிய மஞ்சள்.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்:
சலைன் ஏற்றும் குழாய்!
ஒரு சாண் போதும் என்ற இடத்தில் மூன்று சாண்,
மிச்சத்தை வளையமாக்கி நூலால் கட்டி,
சொட்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டிச் சக்கரமும்
கழற்றாமல் அப்படியே.

ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினேன்.
இரண்டாம் உரிமையாளர்: லெயோன் சவரிராயன்,
குவார்ட்டர்ஸ், கோரிமேடு.
சரிதான்.
எந்த வார்டில், எந்த நைட் டியூட்டி முடிந்து
பையில் சுருட்டிவந்தீர்கள் ஐயா?

ஸ்டார்ட் செய்கிறேன். ஏறுகிறது, தணிகிறது, ஏறுகிறது,
மாடிப்படியில் எதையோ மறந்துவிட்டவர் மாதிரி.
உஸ்ஸென்று எங்கோ. காதைக் கொண்டுபோனால் எங்கும்.
நோஸ் பிளையரில் துணி சுற்றி
ஒவ்வொன்றாய் நெரிக்கிறேன்.
பூஸ்டர்: மாற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர்: இல்லை.
நான் முதலிலிருந்தே சந்தேகப்பட்ட சலைன் குழாயை
அதன் சக்கரத்தை உருட்டியே மூடினேன்.
இல்லை. மன்னியுங்கள் சவரிராயன்.

செத்த ஏ.சி.யின் குழாயை நெரித்ததும்
நின்று நிதானமாய்ப் பேசுகிறது எஞ்சின்.

சோப்புத் தண்ணீர் தெளித்தேன். நுரை பொங்கவில்லை,
உள்ளே போயிற்று.
இங்கே ஓட்டை என்றால் ஒழுகாது, உறிஞ்சும்.
தரையில் சொட்டு இல்லை, கறை இல்லை,
குற்றம் சாட்ட ஒரு ஈரம் கூட இல்லை.
வெறுமையைப் பத்திரமாய்க் கொண்டுபோகத்தான்
இத்தனை ரப்பர்.

விரிசலை வெட்டினேன். மிச்சம் எட்டவில்லை;
முன்பே யாரோ இரண்டு முறை வெட்டியிருக்கிறார்கள்.
கடை திறக்க நாளை ஒன்பதாகும்,
எனக்கு எட்டரைக்கு ஆபீஸ்.

நூலை அவிழ்த்தேன்.
சக்கரத்தோடு ஒரு சாண் துண்டு,
வெந்நீரில் முக்கி, முக்கிய சூட்டோடு
மேனிஃபோல்டின் மூக்கில் ஏற்றி,
மறுமுனையைத் திறந்தே விட்டு
கட்டைவிரலால் மெல்ல உருட்டினேன்.
உஸ்... உஸ்... உ...
அவரும் இப்படித்தான்
யாருடைய கட்டிலோரமோ நின்று
சொட்டுகளை எண்ணியிருப்பார்.

திங்கள். நெல்லித்தோப்பு. சிவப்பு எண்பத்தேழு.
கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பச்சை விழுந்ததைப்
பின்னாலிருக்கும் பஸ்தான் சொல்கிறது,
மிகச் சத்தமாக.