சக்கரச் சப்பாத்து

கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில்
பதினோரு வரி எழுதியிருந்தேன்.
காந்தம் வைத்த பென்சில் பெட்டி,
இருட்டில் மின்னும் கைக்கடிகாரம்,
முழு டின் மைலோ, எனக்கு மட்டும்.
ஒன்பதாவது வரி குணசீலன் கிறுக்கியது:
ஒரு குரங்கு.

தீபாவளி முடிந்த ஞாயிறு
மெத்தையில் உறைகளைக் கவிழ்த்தோம்.
கிராணி வீட்டு உறையில் ஐந்து வெள்ளி,
மண்டோர் வீட்டில் ஒன்று,
சிரம்பான் சித்தப்பா உறை காலி.
ஒட்டும்போது மறந்திருப்பார் என்றாள் அம்மா,
இரண்டு முறை.

இருவருக்கும் சேர்த்து முப்பத்தொன்று.
பாகாவ் பட்டணத்தில், லிம் கடையில்,
சக்கரச் சப்பாத்து முப்பது.
பட்டியலில் அது இல்லவே இல்லை.
மீதி ஒரு வெள்ளிக்கு
ஐஸ் கச்சாங், இரண்டு கரண்டி.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது:
எங்கள் தோட்டம் முழுக்கச் செம்மண் பாதை.
பால் நிறுக்கும் கொட்டகையில் மட்டும் சிமெண்டு.

நிறுவை முடிந்து தரை கழுவியதும்
ஆளுக்கு ஒரு காலில் மாட்டிக்கொண்டு
தோள்பிடித்து உருண்டோம்,
புளித்த பால் வாடையில்,
தராசைச் சுற்றிச் சுற்றி.

வாசலில் மண்டோர்.
திட்டுவார் என்று நின்றோம்.
"என் ஒரு வெள்ளி எந்தச் சக்கரம்டா?"

குணசீலன் காலைத் தூக்கிக் காட்டினான்:
கிறீச்சிடுகிறதே,
அது.