முதல் அசைவு

வேப்பனப்பள்ளி ரோட்டில் ஒரு மாந்தோப்பு,
அதன் பம்ப்செட் அறையில் முதல் கருவி.
இரண்டாவது, பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டின் பின்னால்.
மூன்றாவதை மூடிய பலகைமேல் ஓர் ஆடு படுத்துக்கொள்ளும்;
அது அசைபோடுவதைக் கழித்துவிட்டுத்தான்
நிலத்தைப் படிக்க வேண்டும்.

வெடி எல்லாப் பக்கமும் தள்ளும்.
எங்கே கருவி வைத்தாலும்
கோட்டின் முதல் அசைவு மேல்நோக்கியே.
மதியம் ஒன்றரைக்குச் சங்கு,
பாறையில் நாற்பது துளை, துளைதோறும் மருந்து.
முதலலை முட்டிக்கொண்டு வரும்.
பின்னால் வரவேண்டிய குறுக்கலை
மெலிந்து, வராததுபோல வந்து போகும்.

நிலம் தானாக அசைந்தால் வேறு.
அது வழுக்கும்.
ஒரு பக்கம் முட்டினால் இன்னொரு பக்கம் இழுக்கும்:
தோப்பில் மேலே, பள்ளியில் கீழே.
குறுக்கலை தாமதமாக வந்து
அடுக்குப் பானையை எல்லாம் உலுக்கிவிட்டுப் போகும்.
சங்கு கிடையாது.

சவுடம்மாவின் சுவரில் விரிசல்.
விரலை விட்டுக் காட்டினாள், இரண்டாம் கணு வரை.
ஆர்.டி.ஓ. ஆபீசில் குவாரி மேனேஜர்
"பூகம்பம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அந்த இரவின் பதிவை எடுத்தேன்.
மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
தோப்பில் மேலே.
பள்ளியில் கீழே.
மூன்றாவதில், அதற்குச் சற்று முன்பே
ஆடு எழுந்து போயிருந்தது.
குறுக்கலை முதலலையைப்போல மூன்று மடங்கு.
ஆழம் ஆறு கிலோமீட்டர்;
அவ்வளவு ஆழம் துளைக்க
எந்தக் குவாரியிலும் கம்பி இல்லை.

அவர் பொய்யென்று நினைத்துத்தான் எழுதினார்.
அது உண்மையாகிப் போனது
அவருக்கே தெரியாது.

சவுடம்மாவிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தாள்.
"பழசெல்லாம் வெச்சிருக்கியா?"
இருக்கு.
"எத்தனை?"
ஒன்றரை வருசத்தில் நானூத்திப் பதினொண்ணு. எல்லாமே வெடி.
"நானூத்திப் பதினோரு தடவை அடிச்சவனை வுட்டுட்டு
கடைசியா தொட்டவன் பேரை எழுதப் போறே."

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு வார்த்தைக்குத்தான் இடம் விட்டிருந்தது.
நிலநடுக்கம் என்று எழுதினேன்.
பிறகு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
தேதிகளை எழுதத் தொடங்கினேன்.
பதினேழாவது தேதியில்
சங்கு ஊதியது.
பேனா ஒரு நூலளவு
மேலே துள்ளியது.