ஓ.டி.

புதுச்சேரியில் ஏறும் முன்பே
பணத்தை நாலாய்ப் பிரித்தாயிற்று.
இடது சாக்ஸில் ஐந்நூறுகள்.
டிபன் டப்பாவின் அடித்தட்டில்
பாலித்தீன் சுற்றிக் கொஞ்சம்.
மற்ற இரண்டிடம் இப்போதும் சொல்வதற்கில்லை.

முள்ளோடை தாண்டும்வரை
பக்கத்தில் நின்றவன் முழங்கையையே பார்த்துவந்தேன்.
பாவம், அவன் கம்பியைத்தான் பிடித்திருந்தான்.

ஜன்னலோரம்
மடியில் வலைநூல் கண்டோடு ஒருவர்.
அவருக்குப் போன். ஸ்பீக்கரில் தேன்குரல்:
"பேங்க்லேர்ந்து பேசறோம் சார்.
இன்னிக்குள்ள உங்க கார்டு பிளாக் ஆயிடும்.
ஓ.டி.பி. சொல்லுங்க."

"ஓ.டி.க்குத்தாம்மா போறேன்."
முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
நானும்தான்.

மஞ்சக்குப்பம் நெரிசலில்
குரல் பொறுமையாக விளக்கியது.
போனை எட்டப் பிடித்துக்
குலுக்கல் சீட்டு படிப்பதுபோல் படித்தார்:
நாலு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு.
ஐந்தாவதற்கு முன்
பஸ் கெடிலம் பாலத்தில் ஏறிக் குலுங்க
ஒரு மூச்சு நிறுத்தினார்.

அந்த ஒரு மூச்சு
எனக்கென்றே விட்டதுபோல் இருந்தது.
என் கை
சாக்ஸைத் தடவிக்கொண்டிருந்தது.

மூணு. ஏழு.

திருப்பாதிரிப்புலியூரில் பாதி பஸ் காலி.
"ஓ.டி., சிதம்பரம் மட்டும் உக்காரு!"
கண்டக்டர் கதவைத் தட்டினார்.

போன் 'டிங்' என்றது.
"நம்பர்னா படிச்சிருவேன் தம்பி,
இது எழுத்தால்ல இருக்கு.
என்ன போட்டிருக்குன்னு பாரேன்."

யாரோ முன்பின் தெரியாதவன் கையில்
முழுசாய்க் கொடுத்தார் போனை.

படித்தேன்.
ஒருமுறை மனசுக்குள்,
ஒருமுறை வாய்விட்டு.

ஓ.டி.யில் இறங்கி நடக்கையில்
அடிக்கு அடி
இடது கால் மட்டும் கசகசத்தது.